எல்லை தாண்டும் நோயும் எல்லைக்குள் நிற்கும் கணக்கும்

சிறுநீரகம் என்று பாடப் புத்தகத்தில் படித்தோம். குண்டிக்காய் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் இன்று தமிழ் பேசும் கிராமமாயினும், கன்னடம் பேசும் கிராமமாயினும், தெலுங்கு பேசும் கிராமமாயினும் ஒரே சொல்தான் வழங்குகிறது: "கிட்னி போய்விட்டது." மூன்று மொழிக்காரருக்கும் பொதுச் சொல் ஒன்று வாய்த்ததே என்று மகிழத் தக்க செய்தியன்று இது. நோய் மொழி எல்லையையும் மாநில எல்லையையும் கடல் எல்லையையும் தாண்டிப் போய்விட்டது. அதைத் தேடிச் செல்லும் நம் கணக்கு மட்டும் சோதனைச் சாவடியிலேயே நின்றுகொண்டிருக்கிறது. அந்தக் கணக்கைப் பற்றித்தான், நண்பர்களே, உங்களிடம் பேச விரும்புகிறேன்.

நீரிழிவாலும் இரத்தக் கொதிப்பாலும் சிறுநீரகம் கெடும் என்பதை எல்லோரும் அறிவர். நான் சொல்ல வந்தது வேறு. சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை, சிறுநீரில் புரதங்கூட மிகுதியாகப் போவதில்லை. முப்பது நாற்பது வயது உழவனுக்கும் கூலியாளுக்கும் சிறுநீரகத்தின் நுண்குழல்களும் அவற்றைச் சூழ்ந்த திசுவும் சிறுகச் சிறுகத் தழும்பேறிச் சுருங்கிப் போகின்றன. வலி கிடையாது. சோறு பிடிக்காமல், கால் வீங்கி, மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்கு வரும்போது பெரும்பாலும் காலங் கடந்துவிடுகிறது. 'காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்' என்று மருத்துவர்கள் இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். பெயரிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டிருக்கும் நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

இந்த நோய் எங்கோ தொலைவில் இருப்பதாக எண்ண வேண்டாம். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், அநுராதபுரம், பொலநறுவை மாவட்டங்களின் நெல் விவசாயிகளிடையே 1990-களின் நடுவில் இது கவனத்துக்கு வந்தது. அடுத்திருக்கும் வவுனியாவும் முல்லைத்தீவும், அதாவது நம் தமிழ் மக்கள் வாழும் பகுதிகளும், இதற்குத் தப்பவில்லை. ஆந்திரத்தின் சீகாகுளம் மாவட்டத்தில் உத்தானம் என்றொரு கரையோரப் பகுதி உண்டு. தென்னையும் முந்திரியும் செழித்த ஊர்கள். கவிட்டி, சோம்பேட்டை, இச்சாபுரம் என்று வரிசையாக அங்கே வீட்டுக்கு வீடு இந்த நோயாளிகள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் புதுவையையும் அதை ஒட்டிய வடதமிழ்நாட்டையும் சேர்ந்த நோயாளிகளை ஆராய்ந்து, 2020-ல் 'தொண்டைமண்டலச் சிறுநீரக நோய்' என்றே பெயர் சூட்டினார்கள். பல்லவர் காலத்துப் பெருமையைச் சொல்லும் ஒரு பெயர் இப்படியும் உலக மருத்துவ ஏட்டில் ஏற நேர்ந்தது. 2023-ல் தமிழ்நாட்டின் வேளாண் தொழிலாளர் மூவாயிரம் பேருக்கு மேல் சோதித்துப் பார்த்ததில், நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் நாட்பட்ட சிறுநீரக நோய் உறுதிப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லை.

அநுராதபுரத்துக்கும் புதுவைக்கும் சீகாகுளத்துக்கும் இடையே உள்ள தூரம் பெரிதன்று. வெயில் ஒன்று, நெல்லும் கூலியும் ஒன்று, கிணற்று நீரைக் குடிக்கும் பழக்கமும் ஒன்று. ஆனால் இம்மூன்று இடத்து ஆராய்ச்சியாளரும் ஒருவர் கண்டதை மற்றவர் மேல்நாட்டுப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்கிறார்கள். இதைக் குறையாகச் சொல்வதால் அவர்கள் உழைப்பைக் குறைத்து மதிப்பதாக எண்ணலாகாது. அவர்களைச் சேர்த்து உட்கார வைக்கும் ஏற்பாட்டை நம் அரசாங்கங்கள் செய்யவில்லை என்பதே என் குறை.

சேர்ந்து பார்த்தால் என்ன கிடைத்துவிடும் என்று கேட்கலாம். கேட்பவர்களுக்கு ஐரோப்பாவில் நடந்த கதை ஒன்றைச் சொல்கிறேன். நமக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

டான்யூப் நதியின் கிளையாறுகளை ஒட்டிய சில கிராமங்களில், பல்கேரியாவிலும் ருமேனியாவிலும் அன்றைய யூகோஸ்லாவியாவிலும், விவசாயிகள் சிறுநீரகம் சுருங்கி மடிவதை 1950-களில் மருத்துவர்கள் எழுதத் தொடங்கினார்கள். ஒரு கிராமத்தில் இருக்கும். பக்கத்துக் கிராமத்தில் இராது. ஒரே குடும்பத்தில் பலருக்கு வரும். ஆனால் பரம்பரை நோய் போலவும் அமையவில்லை. தண்ணீர் என்றார்கள், ஈயம் என்றார்கள், பூஞ்சணம் என்றார்கள், கிருமி என்றார்கள். ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் கிணற்றையும் தத்தம் மண்ணையும் சோதித்தார்கள். 1969-ல் இவிச் என்பவர், கோதுமை வயலில் வளரும் ஒரு களைச்செடியின் விதை தானியத்தோடு கலந்து மாவாகி ரொட்டியில் சேர்வதே காரணமாகலாம் என்று சொன்னார். யார் காதிலும் அது பெரிதாக ஏறவில்லை.

கால் நூற்றாண்டு கழிந்தது. இடம் மாறுகிறது: பெல்ஜியத்துத் தலைநகர் பிரஸ்ஸல்ஸ். உடல் மெலிய வேண்டுமென்று சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட நகரத்துப் பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. வான்ஹெர்வெகம் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1993-ல் அதை வெளியிட்டார்கள். வேறொரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடி மாத்திரையில் சேர்ந்துவிட்டது என்பது தெரிந்தது. அந்தப் பெண்களின் சிறுநீரகத் திசுவையும் டான்யூப் கரை உழவரின் திசுவையும் பார்த்தவர்கள், இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றனவே என்று திகைத்தார்கள். இவிச் சொன்ன களைச்செடியும் அதே அரிஸ்டோலோக்கியா இனந்தான்! பிறகு அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்து குரோல்மன், குரோவேஷிய மருத்துவர்களோடு சேர்ந்து, அந்தச் செடியின் அமிலம் நோயாளிகளின் சிறுநீரக டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டிருப்பதை 2007-ல் காட்டினார். ஐம்பது ஆண்டுப் புதிர் அவிழ்ந்தது.

குரோவேஷியன் குரோவேஷியாவிலும் பல்கேரியன் பல்கேரியாவிலும் மட்டும் தோண்டிக்கொண்டிருந்தால் இன்னும் தோண்டிக்கொண்டே இருப்பார்கள். உழவனின் நோய்க்கு விடை நகரத்துச் சீமாட்டியின் மாத்திரைப் புட்டியில் கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்ததால்தான் கிடைத்தது. (இடையே ஒரு சொல்: நம் ஊரில் ஆடுதின்னாப்பாளை என்றும் ஈச்சுரமூலி என்றும் வழங்குபவை இதே அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடிகள். ஆடே தின்னாது என்று பெயரில் எழுதி வைத்திருக்கிறார்கள் முன்னோர். நாம் கஷாயம் வைக்கிறோம். நம் பகுதி நோய்க்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இலங்கையிலும் உத்தானத்திலும் தொண்டைமண்டலத்திலும் நோயாளியிடம் 'என்ன நாட்டு மருந்து சாப்பிட்டாய்?' என்ற கேள்வி ஒரே விதமாகக் கேட்கப்பட வேண்டும் என்று சொல்கிறேன்.)

பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு முதலில் இரண்டும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டிருக்க வேண்டும். இங்கேதான் நம் கூட்டுறவு தடுமாறுகிறது என்பது என் எண்ணம். விஞ்ஞான மாணவர்கள் இதைச் சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியப்பா. உறவு அல்ல, தெருவுக்கே பெரியப்பா. கல்லுடைத்துப் பிழைத்தவர். அவருடைய இரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்று ஒரே மாதத்தில் மூன்று ஊர்களில் சோதித்த சீட்டுகளை என்னிடம் காட்டினார். 1.9 என்கிறது ஒன்று, 1.6 என்கிறது இன்னொன்று, 1.3 என்கிறது மூன்றாவது. கடைசிச் சீட்டைப் பார்த்து, 'இறங்கிவிட்டது, தம்பி' என்று மகிழ்ந்து மறுவாரமே பாறைக்குப் போய்விட்டார். அவர் உடம்பு மாறியதா, சோதனைக் கூடம் மாறியதா? சீட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கிரியாட்டினினைப் பிக்ரிக் அமிலத்தோடு சேர்த்து நிறத்தைப் பார்க்கும் முறையை யாஃபே என்ற ஜெர்மானியர் 1886-ல் சொன்னார். மலிவானது என்பதால் அது இன்றும் வழக்கில் இருக்கிறது. ஆனால் இரத்தத்திலுள்ள வேறு சில பொருள்களும் அந்த நிறத்தைக் கொடுத்துவிடும். நொதியைக் கொண்டு அளக்கும் முறை துல்லியமானது; விலை அதிகம். எந்த முறையாயினும் உலகப் பொது அளவோடு ஒத்துப் பார்த்துச் சரிசெய்த கூடமும் உண்டு, செய்யாத கூடமும் உண்டு.

அளந்த பிறகும் தொல்லை தீரவில்லை. கிரியாட்டினின் தசையில் பிறக்கும் பொருள். அந்த அளவையும் வயதையும் பாலையும் ஒரு சூத்திரத்தில் இட்டுச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணக்கிடுகிறார்கள். அந்தச் சூத்திரம் பெரும்பாலும் மேல்நாட்டு உடம்புகளை வைத்து வகுத்தது. அரைவயிறு உண்டு மெலிந்த நம் கூலியாளுக்குத் தசை குறைவு. ஆகவே கிரியாட்டினினும் குறைவு. ஆகவே சூத்திரம் 'உன் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது' என்று பொய்ச் சாட்சி சொல்லிவிடும். நோய் உள்ளவனை இல்லாதவன் என்று எழுதும் கணக்கு, ஏழைக்கே அதிகம் தவறாக எழுதுகிறது! கடையிலே எடைக்கல் குறைந்தால் சண்டைக்கு நிற்கிறோம். இந்த எடைக்கல்லைப் பற்றி யார் கேட்டார்கள்?

உலகில் கேட்டவர்கள் இருக்கிறார்கள். சர்வதேசச் சிறுநீரகவியல் சங்கம் 2016-ல் இந்த நோய்க்கென்றே பல நாட்டு ஆராய்ச்சியாளரின் கூட்டமைப்பு ஒன்றை அமைத்தது. லண்டன் ஆராய்ச்சியாளர் முன்னின்று, ஏழை நாடுகளில் ஒரே முறையில் மாதிரி எடுத்து, ஒரே முறையில் அளந்து, ஒரே கேள்வித் தாளைக் கொண்டு கணக்கெடுக்கும் பொதுத் திட்டம் ஒன்றை 2017-ல் வெளியிட்டார்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். உத்தானத்து ஆய்வுகளை இலங்கை ஆய்வுகளோடும் நிகரகுவா ஆய்வுகளோடும் ஒப்பிட வழிவகுப்பது இத்தகைய ஏற்பாடே. விலையுயர்ந்த யந்திரங்களைவிட இந்தப் பொதுக் கேள்வித் தாளை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அரசாங்கங்களின் ஒத்துழைப்புக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் மத்திய அமெரிக்காவைப் பாருங்கள். எல் சால்வடார் ஆஸ்பத்திரி ஒன்றில் காரணம் தெரியாத சிறுநீரக நோயாளிகள் குவிவதை அங்குள்ள மருத்துவர்கள் 2002-ல் எழுதினார்கள். நிகரகுவாவின் சிச்சிகால்பா வட்டாரத்தில் கரும்பு வெட்டும் இளைஞர்கள் இறந்து இறந்து, ஒரு குடியிருப்புக்கு 'விதவைகளின் தீவு' என்று பெயரே வந்துவிட்டது. 2012-ல் கோஸ்டா ரிக்காவில் ஆராய்ச்சியாளர்கள் கூடிப் பொது மன்றம் ஒன்றை நிறுவினார்கள். அடுத்த ஆண்டே அவ்வட்டாரத்துச் சுகாதார அமைச்சர்கள் சான் சால்வடாரில் கூடி, இது எங்கள் எல்லோருக்கும் பொதுவான நோய் என்று பிரகடனம் செய்தார்கள். நம்முடைய ஒரு மாவட்டத்து மக்கள்தொகை அளவுக்கே ஜனங்கள் உள்ள நாடுகளும் அவற்றில் உண்டு. ஒன்றோடொன்று போரிட்ட நாடுகளும் உண்டு. எனினும் கூடினார்கள். 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை சிறுநீரக நலம் பற்றி முதன்முதலாகத் தீர்மானம் நிறைவேற்றியபோது, அதை முன்னின்று கொண்டுவந்தது குவாத்தமாலா.

தென்னாசியாவில்? சார்க் அமைப்பின் உச்சி மாநாடு 2014-ல் காட்மாண்டுவில் நடந்ததோடு நின்றுபோயிற்று. அந்த மேடை தூசி படிந்து கிடப்பதால் இலங்கையும் இந்தியாவும் ஒரு கேள்வித் தாளைப் பகிர்ந்துகொள்ளவும் கூடாதா? கச்சத்தீவுக்கும் காவிரிக்கும் பேச்சு நடத்துவது கடினம் என்பது விளங்குகிறது. கிரியாட்டினினை எந்த முறையில் அளப்பது என்பதில் எந்த நாட்டின் மானம் போகப் போகிறது?

ஒற்றை ஆளாக அவசரப்படுவதன் விளைவையும் இலங்கை காட்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு நடந்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. காட்மியம், பூச்சி மருந்து என்று பல ஐயங்கள் எழுந்தன. 2015-ல் அரசாங்கம் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தடை செய்தது. 2018-ல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தடையைத் தளர்த்தியது. தடை சரியா தவறா என்று வாதிட நான் வரவில்லை. தடைக்கு முன்னும் பின்னும் பல மாவட்டங்களில் ஒரே அளவுகோலால் அளந்து வைத்திருந்தால், அந்தத் தடையே உலகத்துக்கு ஒரு சோதனையாகப் பயன்பட்டிருக்கும். சீன உதவியோடு பொலநறுவையில் கட்டிய பெரிய சிறுநீரக மருத்துவமனை 2021-ல் திறக்கப்பட்டது. ஆந்திரத்தில் உத்தானத்து மக்களுக்காகப் பலாசாவில் 2023 டிசம்பரில் சிறுநீரக ஆராய்ச்சி நிலையமும் மருத்துவமனையும் திறந்தார்கள். நல்ல காரியங்கள். ஆனால் அங்கே வந்து படுப்பவர் எங்கிருந்து, எந்த வேலையிலிருந்து வருகிறார் என்ற கணக்கு இரண்டு நாட்டுக்கும் பொதுவாக இருந்தாலல்லவா படுக்கையைக் குறைக்க முடியும்?

இரண்டு ஆட்சேபங்கள் என் நண்பர்களிடமிருந்தே எழுந்தன. காரணம் தெரியும் வரை கூலியாள் காத்திருக்க வேண்டுமா என்றார் ஒருவர். வேண்டியதில்லை. கொளுத்தும் வெயிலில் ஓய்வின்றி உழைப்பதும், உடல் நீர் வற்றுவதும் இந்நோயில் பங்கு வகிக்கின்றன என்ற கருத்து இன்று வலுவாக இருக்கிறது. எல் சால்வடாரிலும் பின்னர் நிகரகுவாவிலும் கரும்புத் தோட்டங்களில் தண்ணீர், நிழல், இடையிடையே கட்டாய ஓய்வு என்று ஏற்பாடு செய்து பார்த்தார்கள். சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. ஒரு கூடாரமும் ஒரு தண்ணீர்ப் பீப்பாயும் மண்டியாக் கரும்பு வயலுக்கு வர எந்தச் சர்வதேச ஒப்பந்தமும் தேவையில்லை. அங்கே அளந்து பார்த்த துணிவில் இங்கே நாம் கேட்கலாம்.

மேல்நாட்டார் நம் இரத்தத்தை எடுத்துச் சென்று பட்டம் வாங்குவார்கள், நமக்கு என்ன மிஞ்சும் என்றார் மற்றவர். இந்த ஐயம் நியாயமானது. நானும் இதில் கறாரான கட்சி. மாதிரி இங்கே சேமிக்கப்பட வேண்டும். சோதனை இயன்றவரை இங்கே நடக்க வேண்டும். முடிவு, இரத்தம் கொடுத்தவனுக்கு அவன் மொழியில் எழுதிய சீட்டாகத் திரும்பி வர வேண்டும். இந்த நிபந்தனைகளோடு சேருவோம். சேராமலே இருந்தால் நம் இரத்தம் பத்திரமாக இருக்கும், சிறுநீரகம் இராது.

இனி எங்கள் ஊர். கௌதள்ளி பழைய மைசூர் ஜில்லாவைச் சேர்ந்தது. 1997-க்குப் பின் சாமராஜநகர் மாவட்டம். மாதேசுவரன் மலையைக் கடந்து பாலாற்றைத் தாண்டினால் மேட்டூர். என் தகப்பனார் தமிழ்நாட்டிலிருந்து இங்கே குடிவந்தவர். எங்களைப் போன்ற குடும்பங்களில் வீட்டில் தமிழ், கடைவீதியில் கன்னடம், ரேஷன் கார்டு கர்நாடகத்தது, வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே. ஆறு மாதம் கல் குவாரி, இரண்டு மாதம் கரும்பு, மழை பெய்தால் ராகி. வீட்டுக்கு வீடு கணக்கெடுக்க வருபவர் பூட்டிய கதவைப் பார்த்து அடுத்த வீட்டுக்குப் போகிறார். வேலை செய்யும் ஊரில் கணக்கெடுப்பவர், 'நீ இந்த ஊர்க்காரன் அல்லவே' என்று விட்டுவிடுகிறார். நோய் முற்றி மேட்டூரிலோ சேலத்திலோ படுத்தால், கர்நாடகக் கார்டுக்காரனுக்குத் தமிழ்நாட்டு அரசின் காப்பீடு பொருந்தாது. மைசூருக்குத் திரும்ப வேண்டும். அவன் எந்த மாநிலத்தின் கணக்கிலும் நோயாளியாக ஏறாமலே போய்ச் சேருகிறான். சர்வதேச ஒத்துழைப்பைப் பற்றிப் பேசும் நாம், பாலாற்றுப் பாலத்தின் இரு கரைக்கும் ஒரு பதிவேடு கேட்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.

நம் சங்கம் ஆண்டுதோறும் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறது, நடத்தட்டும். ஆனால் உயிர்வேதியியலும் புள்ளியியலும் நிலவியலும் படிக்கும் தமிழ் மாணவர்கள் இத்தனை பேர் ஒரே வளாகத்தில் இருக்கிறோம். தமிழும் கன்னடமும் தங்குதடையின்றிப் பேசுவோம்; நம்மில் சிலருக்குத் தெலுங்கும் வரும். இந்த மூன்று மொழியும் ஒருசேரத் தெரிந்த கணக்கெடுப்பாளர் ஆராய்ச்சிக் குழுவுக்கு எளிதில் கிடைப்பதில்லை. 2017-ன் பொதுக் கேள்வித் தாளைத் தமிழிலும் கன்னடத்திலும், கூலியாளுக்குப் புரியும் பேச்சில், பெயர்த்து வைப்பதை இந்த ஆண்டு வேலையாக எடுத்துக்கொள்வோம். பெயர்த்ததை மருத்துவக் கல்லூரிச் சமூக மருத்துவத் துறையினரிடம் காட்டித் திருத்துவோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களுக்கும் அனுப்பி, வவுனியாவில் அது புரிகிறதா என்று கேட்போம். மடல் அனுப்ப இன்று தபால் தலைகூடத் தேவையில்லை.

ஒரு திருத்தத்தை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன். கணக்கெடுப்புத் தாள்களில் தொழில் என்பதற்கு எதிரே ஒரு வரி இடம் விடுவது வழக்கம். எங்கள் தெருப் பெரியப்பாவுக்கு அது போதாது. கடந்த பத்து ஆண்டில் எந்த ஊர், என்ன வேலை, எந்த மாதம், குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து என்று நான்கு கட்டம் போட்டு, குறைந்தது பத்து வரியாவது விட வேண்டும்.